பிச்சாவரம்: கன்றுக்கு முன் வாய்க்கால்

கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காடான பிச்சாவரத்தில் படகேறிப் போனவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே காட்சியைத்தான் சொல்வார்கள். இரண்டு பக்கமும் முட்டுவேர்கள் நீருக்குள் இறங்கி நிற்கும். மேலே கிளைகள் கைகோத்துக் கூரை போட்டிருக்கும். துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இருக்காது. ஆனால் அந்தச் சுரபுன்னை மர வரிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது படகிலிருந்து தெரியாது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் கரையில் இறங்கி உள்ளே நடந்திருந்தால் பல இடங்களில் கொஞ்ச தூரத்திலேயே காடு முடிந்துபோயிருக்கும். உப்புப் பூத்த பள்ளங்களும் வெடித்த களிமண்ணும்தான் கண்ணில் பட்டிருக்கும். ஓடைக்கரை பச்சை, உட்புறம் வழுக்கை.

அந்த வழுக்கை எப்படி வந்தது, எப்படி நிரம்பியது, ஆழிப்பேரலை வந்த நாளில் அந்தக் காடு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். பருவநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கவும் பேரிடரின் அடியைக் குறைக்கவும் இயற்கையின் துணையையே நாடுவது இன்று உலகம் முழுவதும் கொள்கையாகிவிட்டது. ‘இயற்கை சார்ந்த தீர்வு’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்குக் கன்று நடும் விழாதான் நினைவுக்கு வருகிறது. பிச்சாவரத்தின் கதையைப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவானது வேறு. அங்கே காட்டை மீட்டது கன்று நட்டதைவிட, நின்றுபோன தண்ணீருக்குப் போய்வர வழி வெட்டியதுதான். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளாமல் எத்தனை லட்சம் கன்று நட்டாலும் கடற்கரை காப்பாற்றப்படாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

இடம்

சிதம்பரத்துக்குக் கிழக்கே, வடக்கில் வெள்ளாறும் தெற்கில் கொள்ளிடமும் கடலில் கலக்கும் இடங்களுக்கு நடுவில் இருக்கிறது பிச்சாவரம். ஏறத்தாழ 1,100 ஹெக்டேர் பரப்பு. சிறு சிறு தீவுகளும் அவற்றைப் பிரிக்கும் ஓடைகளுமாக ஒரு வலைப்பின்னல். காட்டுக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே ஒரு மணல்திட்டு நீண்டு கிடக்கிறது. அதை உடைத்துக்கொண்டு சின்னவாய்க்கால் அருகே முகத்துவாரம் திறக்கிறது. ஏற்றத்தின்போது கடல்நீர் அதன் வழியே உள்ளே வரும், வற்றத்தின்போது வெளியே போகும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு இங்கே பெரும்பாலும் ஒரு மீட்டரைத் தாண்டாது. சுந்தரவனத்தில் பல மீட்டர் ஏறி இறங்கும் தண்ணீரோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. இந்தச் சின்ன விஷயம் பின்னால் பெரிதாக வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்களில் அதிகம் இருப்பது வெண்கண்டல். தரையிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மூச்சுவேர்கள் அதனுடையவை. குடித்த உப்பை இலை வழியே வெளியேற்றிவிடும் திறன் அதற்கு உண்டு. இலையை நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். ஓடைக்கரையில் சுரபுன்னை. நிலப்பக்கம் தள்ளி, நன்னீர் கொஞ்சம் கிடைக்கும் இடத்தில் தில்லை. சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் தந்த மரம் இதுதான். தில்லைக் கூத்தனின் கோயிலுக்குத் தலமரமும் இதுதான். இதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதால் விறகு வெட்டுபவர்கள்கூட ஒதுங்கிப் போவார்கள். ஒரு காலத்தில் ஊரையே சூழ்ந்திருந்த தில்லைவனத்தின் கடைசித் துண்டு இன்று கடலோரத்தில் நிற்கிறது என்று நினைத்துப் பார்த்தால், இந்தக் காட்டின் மேல் நமக்குள்ள உறவு வெறும் சுற்றுலா உறவாகத் தோன்றாது. 2022இல் பிச்சாவரம் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

வழுக்கை விழுந்த காரணம்

காடு அழிந்தது ஏன் என்று கேட்டால் நீண்ட காலம் ஒரே பதில்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடுகளை மேய விடுகிறார்கள். வெட்டவும் செய்தார்கள், மேய்க்கவும் செய்தார்கள், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அதுதான் காரணம் என்றால் ஊரை ஒட்டிய காடு முதலில் அழிந்திருக்க வேண்டும், எளிதில் போகமுடியாத நடுக்காடு தப்பியிருக்க வேண்டும். பிச்சாவரத்தில் படகு போகும் ஓடைக்கரையில் காடு இருந்தது. யாரும் சிரமப்பட்டுத்தான் போகமுடியும் என்ற உட்புறத்தில் வழுக்கை விழுந்திருந்தது.

சென்னையில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 1990களில் இந்தப் புதிரைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் கண்ட விடை பழைய கூப்பு முறையில் இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை, காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, முறை வைத்து ஒவ்வொரு பகுதியையும் மொட்டையாக வெட்டி எடுத்தார்கள். வெட்டிய இடத்தில் காடு தானாக முளைத்துவிடும், சுற்று முடிந்து திரும்பி வரும்போது மறுபடி வெட்டலாம் என்பது கணக்கு. மலைக்காட்டிலும் சமவெளிக் காட்டிலும் அந்தக் கணக்கு ஓரளவு ஓடும். சேற்றுக்காட்டில் ஓடாது.

ஏன் ஓடாது என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் முழுக் கதையின் முடிச்சும் இங்கேதான். அலையாத்திக் காட்டின் தரை என்பது ஆறு கொண்டுவந்த வண்டலும் களியும் நிறைய நீரும் கலந்த கூழ். மரநிழல் இருக்கும்வரை அந்த நீர் ஆவியாகாமல் தரை உப்பலாக நிற்கும். மரத்தை மொட்டையடித்தால் வெயில் நேரே மண்ணில் விழுகிறது. நீர் ஆவியாக, மண் சுருங்கி அமிழ்கிறது. சில அங்குலம் அமிழ்ந்தாலே போதும், வெட்டிய இடம் ஒரு தட்டுப்போலக் குழிந்துவிடும். பெரிய ஏற்றத்தின்போது கடல்நீர் அந்தத் தட்டுக்குள் வழிந்து நிறையும். வற்றத்தின்போது வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கும். தேங்கிய நீர் வெயிலில் காய்ந்து உப்பை மண்ணில் விட்டுவிட்டுப் போகும். அடுத்த ஏற்றம் மறுபடி நிரப்பும், மறுபடி காயும். இப்படி ஆண்டுக்கணக்கில் நடந்தால் அந்த மண்ணின் உப்பு கடல்நீரையும் மிஞ்சிவிடும். வெண்கண்டலால்கூட அதைத் தாங்க முடியாது. விழுந்த விதை முளைக்காது, முளைத்தது நிலைக்காது. உப்பளம் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாத்திகட்டிக் கடல்நீரை நிறுத்துவதுதானே அவர்கள் தொழில். தெரியாமலேயே காட்டுக்குள் பாத்தி கட்டிவிட்டோம்.

ஏற்றவற்றத்தின் வேறுபாடு பெரிதாக இருக்கும் கடற்கரையில் தினமும் இரண்டு முறை கடல் அந்தத் தட்டை அலசிவிட்டுப் போயிருக்கும். இங்கே வேறுபாடு மிகச் சிறியது என்பதால் அலசல் நடக்கவில்லை. ஓடைக்கரையில் தண்ணீர் எப்போதும் ஏறி இறங்கிக்கொண்டே இருந்ததால் அங்கே மட்டும் மரம் பிழைத்தது. புதிர் இப்படித்தான் அவிழ்ந்தது.

ஊர்மக்கள்மேல் இத்தனை காலம் சுமத்திய பழியின் பெரும்பகுதி தவறானது என்பதும் இதில் அடக்கம். நான் இதை ஒரு பக்கக் குறிப்பாக விட்டுவிட விரும்பவில்லை. காரணத்தைத் தவறாகக் கண்டுபிடித்தால் தீர்வும் தவறாகத்தான் இருக்கும். வேலி போட்டு, ஆட்களை விரட்டி, காவல் வைத்திருந்தாலும் அந்தப் பள்ளத்தில் ஒரு செடிகூட முளைத்திருக்காது.

மீன்முள் வாய்க்கால்

நோய் தேங்கிய நீர் என்றால் மருந்து நீரோட்டம். இயற்கையான ஓடையிலிருந்து பள்ளத்தின் நடுவே ஒரு முதன்மை வாய்க்கால் வெட்டினார்கள். அதன் இரண்டு பக்கமும் சாய்கோணத்தில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீனின் நடுமுள்ளும் பக்கமுள்ளும் போல இருக்கும், அதனால் மீன்முள் வாய்க்கால் என்ற பெயர் வந்தது. முதன்மை வாய்க்கால் ஓடையைத் தொடுவதால் ஏற்றத்தில் நீர் உள்ளே வந்து கிளைகளுக்குப் பிரியும், வற்றத்தில் முழுவதும் வடிந்து வெளியேறும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். ஒரு மழைக்காலம் கடந்தால் மண்ணின் உப்பு இன்னும் இறங்கும். அதன்பிறகுதான் கன்று.

வாய்க்காலின் குறுக்குவெட்டைக்கூட யோசித்தே அமைத்தார்கள். மேலே அகலம், அடியில் குறுகல், இரண்டு பக்கமும் சரிவு. கன்றைச் சரிவின் நடுப்பகுதியில் நட்டார்கள். அடியில் நட்டால் எப்போதும் நீரில் மூழ்கி மூச்சுத் திணறும், மேட்டில் நட்டால் நீர் தொடாமல் காய்ந்துபோகும். நடுச்சரிவில் நட்டால் ஏற்றத்தில் நனையும், வற்றத்தில் காற்றுப் படும். வாய்க்கால்களில் சேறு படியும் என்பதால் முதல் சில ஆண்டுகள் தூர் வாரிக்கொண்டே இருக்க வேண்டும். வயலுக்கு வாய்க்கால் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. கடைமடைக்குத் தண்ணீர் போவதும் வடிகால் வடிவதும்தான் காவிரிப்படுகையில் வேளாண்மையே. அதே அறிவைக் காட்டுக்குள் கொண்டுபோனார்கள்.

தெற்கே முத்துப்பேட்டையிலும் இதற்கு ஓர் உறவு உண்டு. அங்கே மீனவர்கள் தலைமுறைகளாகக் காட்டை ஊடுருவி வாய்க்கால் வெட்டி, வாய்க்காலுக்குள் வரும் மீனைப் பிடித்து வந்திருக்கிறார்கள். காட்டுக்குள் நீர் போய்வர வேண்டும் என்பது அவர்களுக்கு வயிற்றுப்பாட்டிலிருந்து தெரிந்த செய்தி.

பலன் வெறும் நம்பிக்கையாக நிற்கவில்லை, செயற்கைக்கோள் படத்திலும் தெரிந்தது. 1980களின் நடுப்பகுதியிலும் 2002இலும் எடுத்த படங்களை ஒப்பிட்ட ஆய்வு, அந்த இடைவெளியில் பிச்சாவரத்தின் மரப்பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருப்பதாகக் காட்டியது. கூப்பு வெட்டு நின்றது ஒரு காரணம், வாய்க்கால் வெட்டி மீட்டது இன்னொரு காரணம்.

வெட்டிய கைகள்

இந்த வேலை இந்தியா–கனடா நிதியுதவியோடு 1990களின் பின்பாதியில் தொடங்கி, தமிழ்நாடு, ஆந்திரம், ஒடிசா ஆகிய மூன்று மாநிலங்களிலும் நடந்தது. தமிழ்நாடு வனத்துறை, ஆராய்ச்சி நிறுவனம், ஊர்மக்கள் மூவரும் சேர்ந்த ஏற்பாடு. ஊருக்கு ஒரு குழு அமைத்து, எந்த இடத்தில் வெட்டுவது, யார் தூர் வாருவது, மாட்டை எங்கே மேய்ப்பது என்பதையெல்லாம் அந்தக் குழுவில் பேசி முடிவு செய்தார்கள். கூட்டு அலையாத்தி மேலாண்மை என்று இதற்குப் பெயர்.

குழுக்களில் மீனவர் ஊர்களும் உழவர் ஊர்களும் இருந்தன. எனக்கு முக்கியமாகத் தோன்றுவது எம்.ஜி.ஆர். நகர் போன்ற இருளர் குடியிருப்புகள். பிச்சாவரத்து இருளர்கள் வலையும் படகும் இல்லாமல் மீன்பிடிப்பவர்கள். ஆழமில்லாத ஓடையில் மண்டியிட்டு நகர்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். நாள் முழுதும் உப்புநீரில். ஆணும் பெண்ணும் அப்படித்தான். ஒரு காடு நன்றாக இருக்கிறதா என்பதை அவர்களைவிட விரைவாக யாராலும் சொல்ல முடியாது, மறுநாள் பறியிலேயே தெரிந்துவிடும். ஆனால் காப்புக்காட்டின் சட்டப்படி அவர்கள் அத்துமீறுகிறவர்கள்.

அவர்களிடம் போய் அலையாத்தியின் பெருமையைப் பேசினால் போதாது என்பதைத் திட்டத்தில் இருந்தவர்கள் புரிந்துகொண்டார்கள். சாதிச் சான்றிதழ், பிள்ளைகளுக்குப் பள்ளி, வீடு, கடன் என்று அவர்களின் தேவைகள் வேறு இடத்தில் தொடங்கின. அந்தத் தேவைகளையும் குழுவின் வேலைத்திட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். காட்டுக்கு வெளியே நடந்த இந்த வேலையைச் சிலர் திசைதிரும்பல் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குத் தூர் வாரப்போகிறவர்களின் வாழ்க்கையில் அந்த வாய்க்காலுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் வாய்க்கால் மண்மூடிப்போகும்.

2004 டிசம்பர் 26

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பிச்சாவரத்தின் கடற்பக்கம், மணல்திட்டின் மேல் இருந்த சின்னவாய்க்கால், பில்லுமேடு போன்ற குடியிருப்புகளை அலை துடைத்துப் போட்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் நீர் ஏறியது, ஆனால் அழிவு மிகக் குறைவு.

2005 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இந்தப் பகுதியைத்தான் எடுத்துக்காட்டியது. அலையாத்தியை ஒட்டிய ஐந்து ஊர்களில் கடலோரத்தில் இருந்த இரண்டும் முழுதாக அழிந்தன, காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்றும் அழிவில்லாமல் தப்பின என்று அது பதிவுசெய்தது. பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும், கரைத் தாவரப்பரப்பு கூடக் கூட உயிரிழப்பும் பொருளிழப்பும் குறைந்தன என்றார்கள். உலகம் முழுவதும் இந்தச் செய்தி பரவியது. நம் ஊர்களிலும் ‘அலையை ஆற்றுவதால் அலையாத்தி’ என்ற விளக்கம் வீட்டுக்கு வீடு போய்ச் சேர்ந்தது.

சரி, கதை இத்தோடு முடிந்திருந்தால் எழுதுவது எளிது. முடியவில்லை. அடுத்த ஆண்டே கெர், பெய்ர்ட், கேம்ப்பெல் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதே பரங்கிப்பேட்டைப் புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட்டுப் பார்த்தார்கள். கடலிலிருந்து ஊர் எவ்வளவு தூரம், தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கணக்கில் எடுத்துவிட்டால், தாவரப்பரப்பு தனியாக விளக்குவதற்கு ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை என்றார்கள். யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் என்றாலே அது கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர்தான். தப்பியது காட்டாலா தூரத்தாலா என்று 18 ஊர்களை வைத்துப் பிரித்துச் சொல்வது கடினம்.

இந்த மறுப்பைப் பிச்சாவரத்தைப் பற்றி எழுதுபவர்கள் பலர் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். தொட்டால் காட்டுக்கு எதிராகப் போய்விடுமோ என்ற அச்சம் போலும். என் கருத்து நேர்மாறானது. காடு சுவர் என்று நம்பி அதன் முன்னால் வீடு கட்டச் சொன்னால் அடுத்த அலையில் சாவது மீனவக் குடும்பம். காடு எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று சரியாகச் சொல்வதுதான் அந்தக் குடும்பத்துக்கு நாம் செய்யும் நேர்மை. தூரமும் உயரமும் உயிர் காக்கின்றன என்றால், காடு இருக்கும் இடத்தில் ஊர் இல்லாமல் இருப்பதே காட்டின் ஒரு பயன் என்றும் அதைப் படிக்கலாம்.

எந்த அலை, எவ்வளவு காடு

அலை என்ற ஒரே சொல்லால் மூன்று வேறு விஷயங்களைக் குறிக்கிறோம். அன்றாடம் காற்று எழுப்பும் அலை குட்டையானது, அதன் ஆற்றல் மேற்பரப்பில் இருக்கிறது. வேர்களும் தண்டுகளும் அதை விரைவில் உடைத்துவிடும். 100 மீட்டர் அகலமுள்ள அலையாத்தி, அலையின் உயரத்தை 13 முதல் 66 விழுக்காடு வரை குறைக்கிறது என்பது உலகெங்கும் அளந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்ததில் கிடைத்த எண். மண்ணரிப்பைத் தடுப்பதில் அதனால்தான் இந்தக் காட்டுக்கு ஈடில்லை.

புயலோடு வரும் கடல் ஏற்றம் வேறு. அது அலையாக வருவதில்லை, கடலின் மட்டமே பல மணிநேரம் உயர்ந்து நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள காடு அந்த மட்டத்தை 5 முதல் 50 சென்டிமீட்டர் வரை குறைக்கும். மூன்று மீட்டர் ஏற்றம் வந்தால், ஒரு கிலோமீட்டர் நல்ல காட்டைக் கடந்த பிறகும் இரண்டரை மீட்டர் மிஞ்சி நிற்கும். ஆனால் மேலே துள்ளும் அலையை உடைத்து, நீரின் வேகத்தைத் தணித்து, மிதந்து வரும் படகையும் மரத்தையும் தடுத்து நிறுத்தும். வீடு நனைவதற்கும் வீடு இடிவதற்கும் உள்ள வேறுபாடு அதில் இருக்கிறது. கரையோரம் இருபது மீட்டருக்கு ஒரு வரிசை நட்டுவிட்டுப் புயலைத் தடுத்துவிட்டோம் என்று சொல்வதில் பொருளில்லை.

ஆழிப்பேரலை மூன்றாவது வகை. அதன் நீளம் கிலோமீட்டர் கணக்கில். அதைப் பிச்சாவரத்து அளவு காடு ஓரளவு தணிக்கலாம், நிறுத்தாது.

புயலைப் பொறுத்தவரை வலுவான சான்று ஒடிசாவிலிருந்து வந்தது. 1999 அக்டோபர் 29 அன்று கரையைக் கடந்த சூப்பர் புயலில், கேந்திரபாடா மாவட்டத்துக் கிராமங்களைச் சௌதாமினி தாஸும் ஜெஃப்ரி வின்சென்ட்டும் ஆராய்ந்தார்கள். பிச்சாவரத்தில் 18 ஊர் என்றால் அங்கே நூற்றுக்கணக்கான ஊர்கள், தூரம் உயரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டுச் செய்த கணக்கு. கடலுக்கும் ஊருக்கும் நடுவே காட்டின் அகலம் கூடுதலாக இருந்த ஊர்களில் சாவு குறைவு என்பது நின்றது. அதே ஆய்வு இன்னொன்றும் சொன்னது: முன்கூட்டியே வந்த எச்சரிக்கை, காட்டைவிட அதிக உயிர்களைக் காத்தது. இரண்டையும் எதிரெதிராக நிறுத்தத் தேவையில்லை. ஒலிபெருக்கியும் வேண்டும், புயல் பாதுகாப்பு மையமும் வேண்டும், காடும் வேண்டும்.

முத்துப்பேட்டை நமக்குக் காட்டியது காட்டின் எல்லையை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையேறியபோது முத்துப்பேட்டைக் காடே முறிந்தது. பச்சையாக நின்ற வெண்கண்டல் பரப்பு பழுப்பாகக் காய்ந்தது. உள்நாட்டில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன. கடலோரக் காட்டால் அந்தக் காற்றைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. அடிபட்ட காடு தானாக எழுந்து வருவதற்கும் நீரோட்டம் வேண்டும். மறுபடி அதே இடத்துக்கு வந்துவிட்டோம்.

நடும் அவசரம்

ஆழிப்பேரலைக்குப் பிறகு கடற்கரை முழுக்க நடும் அலை ஒன்று வீசியது. நிதி இருந்தது, கருணை இருந்தது, விரைவாக எதையாவது செய்துகாட்ட வேண்டிய நெருக்கடியும் இருந்தது. இலங்கையில் அப்படி 1,000 முதல் 1,200 ஹெக்டேர் வரை அலையாத்தி நட்டார்கள். பின்னர் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்த ஆய்வாளர்கள் கண்டது, 200 ஹெக்டேருக்குச் சற்று மேல் மட்டுமே காடாகத் தேறியிருந்தது. ஒன்பது இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பாதிக்கு மேல் பிழைத்த இடங்கள் கல்பிட்டி, பாம்பலை, நீர்கொழும்பு என்று மூன்றே மூன்று. நட்டவர்களின் மனத்தில் குறையில்லை. அந்த மண்ணில் எந்த மரம் நிற்கும், ஏற்றத்தில் நீர் எவ்வளவு நேரம் மூடியிருக்கும், உப்பு எவ்வளவு, நட்டபின் யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகளைக் கேட்காமல் நட்டுவிட்டார்கள். கையில் எடுத்துச் செருகுவதற்கு எளிது என்பதால் நீண்ட முளைக்காயுள்ள சுரபுன்னை இனத்தையே எங்கும் செருகியதும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக் கடற்கரையில் இன்னொரு வகைத் தவறு நடந்தது. இயற்கையான மணல்மேடுகளைச் சமன்செய்து சவுக்கு நட்டார்கள் சில இடங்களில். சவுக்கு ஆஸ்திரேலியப் பக்கத்திலிருந்து வந்த மரம். காற்றைத் தடுக்கும், விறகுக்கும் ஆகும், அதில் குறையில்லை. ஆனால் அலை வந்தபோது ஊர்களைக் காத்தவற்றில் உயர்ந்த மணல்மேடுகளும் உண்டு. அடம்புக்கொடி படர்ந்து தானாக வளர்ந்து நிற்கும் மேட்டைத் தட்டிவிட்டு அந்த இடத்தில் கன்று வைப்பது, இருக்கும் கதவைக் கழற்றிவிட்டுத் திரைச்சீலை மாட்டுவது போன்றது. ஆமைகள் முட்டையிட ஏறிவரும் மணலையும் சவுக்குத்தோப்பு கடல் விளிம்புவரை மூடிவிட்டது.

இனி வரும் கடல்

உலகக் கடல்மட்டம் 2006 முதல் 2018 வரையிலான காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3.7 மில்லிமீட்டர் உயர்ந்தது. அலையாத்திக் காட்டுக்கு இதோடு ஓடிப்பார்க்கும் திறன் உண்டு. வேர்கள் வண்டலைப் பிடித்து, உதிர்ந்த இலையும் இறந்த வேரும் சேர்ந்து, தரை தானே உயர்ந்துகொண்டு வரும். பல நாடுகளில் அளந்ததில் ஆண்டுக்கு 1 முதல் 10 மில்லிமீட்டர் வரை உயர்ந்திருக்கிறது. சிமெண்ட் சுவர் ஒருநாளும் இப்படி வளராது. காட்டுக்கும் கட்டுமானத்துக்கும் உள்ள மிகப்பெரிய வேறுபாடாக நான் கருதுவது இதைத்தான்.

ஆனால் வண்டல் எங்கிருந்து வரும்? பிச்சாவரத்துக்குக் கொள்ளிடத்திலிருந்தும் வெள்ளாற்றிலிருந்தும் வர வேண்டும். கொள்ளிடம் காவிரியின் வெள்ள வடிகால். அதன் கடைசிப் பகுதியில் 1836இல் கீழணை கட்டி, நீர் வீராணம் ஏரிக்கும் வயலுக்கும் திரும்பியது. மேலே 1934இல் மேட்டூர் அணை வந்தது. வெள்ளம் வரும் ஆண்டில் மட்டும் நன்னீர் கடலைத் தொடுகிறது. கடலில் போய்ச் சேரும் நீரை ‘வீண்’ என்று சொல்லிப் பழகிவிட்டோம். அந்த ‘வீண்’ நீரில்தான் பிச்சாவரத்துக்கான வண்டல் வருகிறது, உப்பைக் கழுவும் நன்னீர் வருகிறது. அது குறைந்த காலத்தில் உப்பைத் தாங்கும் வெண்கண்டல் பரவியதும், நன்னீர் நாடும் இனங்கள் ஒடுங்கியதும் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. உழவருக்குத் தண்ணீர் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாசனத்துக்குப் பங்கு, குடிநீருக்குப் பங்கு என்று பிரிக்கும்போது முகத்துவாரத்துக்கும் ஒரு பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். இன்று அந்தப் பேச்சே எழுவதில்லை.

இன்னொன்று, பின்வாங்க இடம். கடல் உயர்ந்தால் காடு மெல்ல நிலப்பக்கம் நகரும், விதை மிதந்து உள்ளே போய் முளைக்கும். அங்கே சாலையும் இறால் பண்ணைக் கரையும் நின்றால் நகர முடியாது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதிக்குள் இறால் பண்ணைகளுக்குத் தடை விதித்தது. அந்தத் தீர்ப்புக்கான போராட்டத்தில் இந்தக் கடற்கரையின் மக்கள் பட்ட பாடு பெரிது. காட்டுக்குப் பின்னால் உள்ள நிலத்தை இன்றே கணக்கெடுத்து, எதையெல்லாம் காலியாக விட வேண்டும் என்று வரைபடத்தில் குறித்துவைக்காவிட்டால் இன்னும் முப்பது ஆண்டுகளில் காடு கடலுக்கும் கரைக்கும் நடுவே நசுங்கும்.

2023 ஜூன் 5 முதல் அலையாத்திக் காடுகளை வளர்க்கும் நடுவண் அரசின் ‘மிஷ்டி’ திட்டம் இருக்கிறது. மாநிலத்தில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் இருக்கிறது. பணம் வருகிறது, நல்லது. ஆண்டறிக்கையில் எத்தனை ஹெக்டேர், எத்தனை கன்று என்ற இரண்டு கட்டங்கள் கட்டாயம் இருக்கும். அவற்றோடு இன்னும் சில கட்டங்களைச் சேர்க்கச் சொல்லி ஊர்க்குழுக்கள் கேட்க வேண்டும் என்பது என் விருப்பம். இந்த ஆண்டு எத்தனை மீட்டர் வாய்க்காலில் தூர் வாரினோம், கோடையில் மண்ணின் உப்பு எவ்வளவு, நட்டதில் மூன்றாம் ஆண்டில் நின்றது எவ்வளவு, முகத்துவாரம் எத்தனை நாள் திறந்திருந்தது, கீழணையைத் தாண்டி எத்தனை நாள் நீர் வந்தது, இருளர் பறியில் இறால் கூடியதா. இவற்றை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரு உப்புமானியும், ஒரு அளவுகோலும், நாள் தவறாமல் எழுதிவைக்க ஊரிலேயே சம்பளம் பெறும் ஒருவரும் போதும்.

தூர் வாருவதற்கும் காலம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெண்கண்டலின் விதைகள் உதிர்ந்து நீரில் மிதக்கத் தொடங்கும். புரட்டாசிக்குள் வாரி முடித்த வாய்க்காலுக்குள் அவை ஏற்றத்தோடு தாமே நுழைந்து சரிவில் ஒட்டிக்கொள்ளும். மண்மூடிக் கிடக்கும் வாய்க்காலின் வாயில் அவை குவிந்து கிடந்து காய்ந்துபோகும்.